தனியார் புனர்வாழ்வு நிலையங்களின் கட்டணம் முன்கூட்டியே எழுத்தில் தரப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நோர்வூட் பகுதித் தோட்டங்களில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கிளாக்கராக வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். பாரிசவாதத்தால் என் வலப்பக்கம் செயலிழந்து இப்போது மெல்லத் தேறி வருவதால், நான் சொல்லச் சொல்ல என் மகளே இக்கடிதத்தை எழுதுகிறாள். கையொப்பம் மட்டும் என் இடது கையால் இடப்பட்டது. அது கோணலாக இருப்பின் பொறுத்தருளவும். தனியார் புனர்வாழ்வு நிலையமொன்றில் இருபத்து நான்கு நாட்கள் தங்கிச் சிகிச்சை பெற்ற அனுபவத்தையும், அங்கு கட்டணம் தொடர்பாக எங்களுக்கு நேர்ந்ததையும் தங்கள் பத்திரிகையூடாகத் தெரியப்படுத்த விரும்புகிறேன். அந்த நிலையத்தின் பெயரைக் குறிப்பிடாமல் விடுகிறேன். விசாரித்த அளவில் இது ஓரிடத்துக்கு மட்டும் உரிய பழக்கமாகத் தெரியவில்லை.

ஐப்பசி மழை விடாது பெய்த ஒரு நாள் அதிகாலையில் முகம் கழுவப் போன நான், தண்ணீர்க் குவளையைப் பிடிக்க முடியாமல் கீழே போட்டேன். மனைவி கேட்டதற்கு நான் சொன்ன பதில் அவளுக்குப் புரியவில்லை. எனக்கோ நான் தெளிவாகப் பேசுவதாகவே தோன்றியது. 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் வந்து ஏற்றிச் சென்றது. அரச வைத்தியசாலையில் ஸ்கேன் எடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், பதினொரு நாட்கள் கட்டிலில் வைத்துப் பார்த்தார்கள். அம்பியூலன்ஸ் முதல் கடைசி மாத்திரை வரை ஒரு சதம்கூட எங்களிடம் கேட்கப்படவில்லை. இலவச வைத்திய சேவையைப் பற்றிக் குறை சொல்வது எளிது. அந்தப் பதினொரு நாட்களைப் பற்றி என்னிடம் குறை எதுவும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் காலை வாட்டில் இருந்த டொக்டர் இரண்டு விடயங்களைச் சொன்னார். உயிராபத்து நீங்கிவிட்டது, கட்டில் வேறொருவருக்குத் தேவை என்பது ஒன்று. இனி எனக்கு வேண்டியது மருந்தைவிடப் பயிற்சிதான் என்பதும், கையும் காலும் பேச்சும் மீள்வது முதல் சில மாதங்களில்தான் விரைவாக நடக்கும் என்பதால் பயிற்சியைத் தள்ளிப்போடக் கூடாது என்பதும் மற்றது. அரச புனர்வாழ்வு வைத்தியசாலைக்குக் கடிதம் எழுதித் தந்தார். அங்கு பெயரைப் பதிந்தோம். இடம் கிடைக்கும்போது தொலைபேசியில் அழைப்பதாகச் சொன்னார்கள். அந்த அழைப்பு ஒரு வாரத்தில் வருமா, இரண்டு மாதத்தில் வருமா என்று கேட்டதற்கு எவராலும் பதில் சொல்ல முடியவில்லை. படிக்கட்டு ஏறித்தான் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும்; என்னைத் தூக்கிவர நான்கு ஆட்கள் தேவை. ஆகவே மகள் தனியார் நிலையங்களை விசாரிக்கத் தொடங்கினாள்.

இங்கே ஒரு சிறு செய்தியையும் சொல்ல வேண்டும். நான் புனர்வாழ்வு நிலையத்தில் இருக்கிறேன் என்ற பேச்சு தோட்டத்தில் பரவியதும், எங்கள் பக்கத்தில் அச்சொல் குடிக்கும் போதைக்கும் அடிமையானவர்களைத் திருத்தும் இடத்தையே குறிப்பதால், கிளாக்கர் ஐயா எப்போது குடிக்கத் தொடங்கினார் என்று தலைவர் ஒருவர் என் மனைவியிடமே அனுதாபத்துடன் கேட்டிருக்கிறார். பாரிசவாதம் வந்தவருக்கும், இடுப்பு எலும்பு முறிந்தவருக்கும், முள்ளந்தண்டில் அடிபட்டவருக்கும் நடக்கவும் உண்ணவும் பேசவும் மறுபடி கற்றுக்கொடுக்கும் வைத்தியம் ஒன்று உண்டென்பதே எங்கள் மக்களில் பலருக்குத் தெரியாது. அப்படியிருக்க அதற்கு என்ன செலவாகும் என்பதை அவர்கள் எங்கே அறிவது?

கண்டி மாவட்டத்திலுள்ள ஒரு நிலையம் தொலைபேசியில் சொன்ன விபரம் எங்களுக்குத் தைரியம் தந்தது. நாளொன்றுக்கு 9,500 ரூபா, எல்லாம் உள்ளடங்கும் என்றார்கள். "எல்லாம்" என்றால் என்ன என்று மகள் கேட்டிருக்கிறாள். கட்டில், சாப்பாடு, தாதியர் பராமரிப்பு, பிசியோதெரபி என்று பதில் வந்தது. முப்பது நாள் இருந்தாலும் 285,000 ரூபாவைத் தாண்டாது என்று கணக்குப் பார்த்து, என் சேமலாப நிதியில் மிஞ்சிய பணத்துடன் மகளின் இரண்டு காப்புகளையும் ஹட்டனில் வங்கியொன்றில் அடகு வைத்தோம்.

நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை ஆறு மணி நாற்பது நிமிடம். நான் தள்ளுகட்டிலில் கிடந்தேன்; வழியெல்லாம் வளைவு என்பதால் வாந்தி எடுத்துச் சட்டை நனைந்திருந்தது. வரவேற்பு மேசையில் இருந்த பெண்பிள்ளை மகளிடம் நான்கு பக்கப் படிவமொன்றை நீட்டி, கையொப்பமிட வேண்டிய மூன்று இடங்களைப் பென்சிலால் புள்ளியிட்டுக் காட்டினாள். படிவம் முழுவதும் ஆங்கிலம். தமிழிலோ சிங்களத்திலோ பிரதி இருக்கிறதா என்று கேட்டதற்கு, "எல்லாருக்கும் இது தான் மிஸ், வழக்கமான போர்ம்" என்றாள். மகள் பாடசாலை ஆசிரியை, ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவள். ஆனால் தகப்பன் நனைந்த சட்டையுடன் குளிரில் நடுங்கும்போது நான்கு பக்கத்தை நின்று வாசிக்கும் பிள்ளை எங்கே இருக்கிறாள்? ஒரு லட்சம் ரூபா முற்பணத்தைக் கட்டி, மூன்று இடங்களிலும் கையொப்பமிட்டாள். மூன்றாம் பக்கத்தின் அடியில், நாட்கட்டணத்தில் சேராத சேவைகளும் பொருட்களும் நடைமுறையிலுள்ள விலைப்படி அறவிடப்படும் என்றொரு வரி இருந்ததை வீடு திரும்பிய பிறகே வாசித்தோம். அந்த நடைமுறை விலை என்னவென்று படிவத்தில் எங்கும் இல்லை.

சிகிச்சையைப் பற்றி உள்ளதைச் சொல்ல வேண்டும். அங்கிருந்த பிசியோதெரபி மிஸ் பொறுமையில் ஒரு தாய். இரண்டு கம்பிகளுக்கு நடுவே என்னை நிறுத்தி, வலது முழங்காலைத் தன் முழங்காலால் முட்டுக்கொடுத்து, எட்டாம் நாள் முதன்முதலாக என்னைத் தனியே நிற்கவைத்தார். அன்று நான் அழுததை மகளிடம் சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டேன். இப்போது அவளே இதை எழுதிக்கொண்டிருக்கிறாள். அடுத்த நாள் அவர், காலையில் செய்யும் பயிற்சியுடன் மாலையிலும் ஒருமுறை செய்தால் சீக்கிரம் நடக்கலாம், செய்யட்டுமா அங்கிள் என்று கேட்டார். எனக்குப் பேச்சு சரியாக வராது. தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலின் விலை ஒவ்வொரு மாலைக்கும் 2,500 ரூபா என்று அவர் சொல்லவில்லை. அவருக்கே அது தெரிந்திருக்காது என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

பதினேழாம் நாள் அரச புனர்வாழ்வு வைத்தியசாலையிலிருந்து அழைப்பு வந்தது. கட்டில் தயார், மறுநாள் வரலாம் என்றார்கள். போவதா இருப்பதா என்று முடிவு செய்ய எங்களுக்குத் தெரியவேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: இதுவரை எவ்வளவு ஆகியிருக்கிறது? மகள் கணக்குப் பிரிவில் கேட்டாள். டிஸ்சார்ஜ் அன்றுதான் சிஸ்டத்தில் மொத்தம் வரும் என்றார்கள். நாளொன்றுக்கு 9,500 ரூபா தானே, இன்னும் ஒரு வாரத்தில் கம்பைப் பிடித்து நடக்கத் தொடங்கிவிடுவேன், இடையில் கலைக்க வேண்டாம் என்று நாங்களே தீர்மானித்து அரசாங்கக் கட்டிலை வேண்டாமென்று விட்டோம். அது உண்மையில் என்ன விலைக்கு விட்ட கட்டில் என்பது ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது.

இருபத்து நான்காம் நாள் கையில் கிடைத்த பில் 411,350 ரூபா. நாட்கட்டணம் 228,000. மாலைப் பயிற்சி பதினைந்து தடவைக்கு 37,500. கைவிரல்களுக்கான தொழில்வழிச் சிகிச்சை எட்டுத் தடவைக்கு 24,000. விசேட வைத்தியர் வாட்டைச் சுற்றி வந்தபோது என் கட்டிலருகே நின்றதற்கு, ஆறு தடவைக்கு 24,000. இரவில் புரட்டிப் படுக்கவைக்கும் ஆளுக்கு 36,000. தாதியர் பராமரிப்பு என்று தொலைபேசியில் சொன்னது பகலுக்கு மட்டும் என்பது அப்போதுதான் விளங்கியது. பாவனைப் பொருட்கள் 38,650. இதர செலவுகள் 23,200. முற்பணம் போக மிகுதி 311,350 ரூபாவைக் கட்டிய பிறகே நோய் நிர்ணய அட்டை தரப்படும் என்றார்கள். மகன் கொழும்பில் தன் நண்பர்களிடம் கைமாற்று வாங்கி அன்று பிற்பகல் பணம் அனுப்பும்வரை நான் உடுத்துக்கொண்டு சக்கர நாற்காலியில் வரவேற்பு மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

பாவனைப் பொருட்களில் ஒரு வரி கையுறை, 310 சோடி, சோடி 45 ரூபா. கணக்கு எழுதியே வயது போனவன் என்பதால் வகுத்துப் பார்த்தேன்: நாளொன்றுக்குப் பதின்மூன்று சோடி. என்னைத் தொட்டவர்கள் அத்தனை தடவை கையுறை மாற்றியிருந்தால் அது அவர்களின் சுத்தத்துக்குச் சான்று. மறுக்க என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் பம்பர்ஸை மகளே வெளிக்கடையில் வாங்கிக் கொடுத்திருக்க, அதுவும் பட்டியலில் இருந்தது. சுட்டிக்காட்டியபோது பேசாமல் கழிக்க முன்வந்தார்கள். அது முழுதாகக் கழிவதற்கு முன்பே நாங்கள் களைத்துப்போய், வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டோம்.

நான் வந்த நாளும் முழு நாள், புறப்பட்ட நாளும் முழு நாள். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கான சம்பளத்தை ஒரு பேர் என்போம்; நிர்ணயித்த கொழுந்து எடுக்காதவருக்கு அரைப்பேர் போடுவோம். ஆளுக்கு மனவருத்தம்தான், ஆனால் அரைப்பேர் என்று ஒன்று கணக்கில் இருந்தது. மாலை ஆறே முக்காலுக்கு வந்தவனுக்கும் காலை பத்து மணிக்கு முன் கட்டிலை விட்டவனுக்கும் அந்த நிலையத்தின் செக்ரோலில், அதாவது வரவுப்பதிவில், அரைப்பேர் கிடையாது.

தோட்டத்துச் சம்பளத் துண்டைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லவருவது விளங்கும். எத்தனை பேர், எத்தனை மேலதிகக் கிலோ, சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு, சங்கச் சந்தா, கோயில் பணம், மரணாதாரம், தீபாவளி முற்பணத்தில் இம்மாதத் தவணை என்று வரிசையாக எழுதிக் கடைசியில் கைக்கு வருவது எவ்வளவு என்று போட்டிருக்கும். 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனபோதும் அந்தத் துண்டு மாறவில்லை. எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மாக்கள்கூட பேரப்பிள்ளையைக் கொண்டு வாசிப்பித்து, அடுத்த நாள் காலை, வேலைக்கு ஆட்களைப் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். "ஐயா, புதன்கிழமை பதினெட்டுக் கிலோ எடுத்தேன், பதினாறு தானே போட்டிருக்கு?" ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று நிறுவையில் கழிப்பதைப் பற்றிய கேள்வி அது. அதற்கு நான் எப்போதும் நேர்மையாகப் பதில் சொன்னேன் என்று இப்போது எழுதினால் அது பொய். ஆனாலும் கேட்பதற்கு அவர்கள் கையில் ஒரு துண்டு இருந்தது, நாளும் கிலோவும் அதில் இருந்தன. சக்கர நாற்காலியில் இருந்த என் கையில் இருந்ததோ "இதர செலவுகள் 23,200" என்ற ஒரு வரி.

துண்டு என்ற சொல்லுக்கு மலைநாட்டில் இன்னொரு பழைய பொருளும் உண்டு. எங்கள் பாட்டன் காலத்தில் ஒரு குடும்பம் தோட்டம் மாறவேண்டுமானால், அவர்கள் பேரில் இருந்த கடனைத் தீர்த்தால் விட்டுவிடுகிறோம் என்று பழைய தோட்டம் எழுதிக் கொடுக்கும் கடதாசியும் துண்டுதான். கடன் எப்படி ஏறியது என்பது கடன்பட்டவருக்கே தெரியாது. 1921 இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நோய் நிர்ணய அட்டைக்காகக் காத்திருந்த அந்தப் பிற்பகலில் அந்த நினைவு வந்ததைத் தவிர்க்க முடியவில்லை. சற்று மிகையான ஒப்புமை என்று மகள் சொல்கிறாள், இருக்கட்டும் என்று எழுதச் சொன்னேன்.

கட்டணம் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இரவில் விழித்திருந்தவருக்குச் சம்பளம் வேண்டும், கையுறையும் காசுக்குத்தான் வருகிறது. 411,350 ரூபா என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நாங்கள் பத்து நாட்கள் மட்டும் தங்கியிருப்போம், அல்லது இரவுக்கு மருமகனை நிறுத்தியிருப்போம், அல்லது பதினேழாம் நாள் வந்த அழைப்பை ஏற்றிருப்போம். அந்தத் தெரிவுகளை எங்களிடமிருந்து பறித்தது விலையல்ல, விலையைச் சொல்லாமை. நானாவது கிளாக்கராக இருந்தவன், பிள்ளைகளுக்கு அரச உத்தியோகமும் கம்பனி வேலையும் உண்டு. 2024 இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் பார்த்தால் அந்த பில் 304 நாள் பேருக்கும் சற்று அதிகம். வருடத்தில் அத்தனை நாட்கள் எந்தத் தோட்டத்தில் வேலை கொடுக்கிறார்கள்?

மகன் வேலைசெய்யும் கம்பனியின் காப்புறுதியில் பெற்றோருக்கும் ஒரு தொகை உண்டு என்பதால் பில்லை அனுப்பிப் பார்த்தோம். எந்தத் திகதியில் எந்தச் சேவை, யார் சிபாரிசில் வழங்கப்பட்டது என்ற விபரம் இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த விபரத்தை நிலையத்திடம் கேட்டிருக்கிறோம்.

தனியார் வைத்திய நிறுவனங்களைப் பதிவு செய்வதற்கு 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குறுத்தல் பேரவையும் இருக்கிறது. தங்கிச் சிகிச்சை பெறும் நோயாளியை ஏற்கும் எந்த நிலையமும், படிவத்தில் கையொப்பம் வாங்குமுன், எதிர்பார்க்கப்படும் மொத்தச் செலவையும், நாட்கட்டணத்தில் சேராதவற்றின் விலையையும் எழுத்தில் தரவேண்டும் என்பதைப் பதிவின் நிபந்தனையாக்க அப்பேரவை முன்வர வேண்டும். முக்கியமானது இரண்டாவதுதான், "எல்லாம் உள்ளடங்கும்" என்று சொல்ல எவருக்கும் வாய் வரும், எது அடங்காது என்று எழுதுவதில்தான் நேர்மை தெரியும். புதிய சேவை ஒன்றைத் தொடங்கும்போது நோயாளி தலையாட்டினால் போதாது, விலையைச் சொல்லி உறவினரின் சம்மதமும் பெறவேண்டும், பேச்சிழந்தவர்கள் நிறைந்த இடமென்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வாரம் ஒருமுறை அதுவரையான கணக்கையும் தரவேண்டும். ஆயிரம் தொழிலாளரின் கணக்கை நாங்கள் பேனாவால் எழுதி மாதந்தோறும் பத்தாம் திகதிக்குள் கொடுத்தோம். முப்பது கட்டில்களின் கணக்கைக் கணினி ஏழு நாளுக்கொருமுறை தரமுடியாது என்பதை நான் நம்பத் தயாரில்லை.

படிவம் தமிழிலும் இருக்கவேண்டும். தமிழ் அரசகரும மொழியாகி 1987 இலிருந்து எத்தனை ஆண்டுகள் என்பதை வாசகர்களே எண்ணிக்கொள்ளலாம். அச்சட்டம் தனியார் நிலையத்தைக் கட்டுப்படுத்தாது என்று வாதாட வருபவர்களிடம் நான் வாதாடப் போவதில்லை. நுவரெலியா, பதுளை மாவட்டங்களிலிருந்து வரும் நோயாளிகளின் காசு எந்த மொழியில் எண்ணப்படுகிறதோ அந்த மொழியில் படிவத்தையும் தந்தால் போதும். ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பிளேன்டீ விற்கும் கடையில்கூட விலைப்பலகை தொங்குகிறது. நுகர்வோர் அதிகாரசபையினர் வந்தால் தண்டம் விழும் என்று அந்த முதலாளிக்குத் தெரியும்.

சுகாதார அமைச்சிடம் கேட்க வேண்டியது வேறு. அரச புனர்வாழ்வு வைத்தியசாலை என்றதும் எங்கள் பக்கத்தவர்களுக்குத் தெரிந்த பெயர்கள் றாகமையும் திகனையும்தான். இரண்டும் மலையிறங்கிப் போகவேண்டிய இடங்கள். கூடப்போகும் ஆள் தன் நாட்பேரை இழந்து, அங்கே தங்க இடம் தேடி, பஸ்சுக்கும் சாப்பாட்டுக்கும் செலவழித்தால் இலவசக் கட்டிலுக்கும் விலை உண்டு. எங்கள் மாவட்டத்து வைத்தியசாலை ஒன்றில் பத்துக் கட்டில்களையாவது இதற்கென ஒதுக்கி, பெயர் பதிந்தவருக்கு அவர் எத்தனையாவது ஆள் என்ற இலக்கத்தை மட்டும் சொன்னால்கூட, தனியார் நிலையத்தின் வாசலில் மாலை ஏழு மணிக்கு வாசிக்காமல் கையொப்பமிடும் குடும்பங்கள் குறையும். ஓய்வூதியம் உள்ள அரச ஊழியருக்கு மாதாமாதம் ஏதோ வருகிறது. தோட்டத்து உத்தியோகத்தருக்கும் தொழிலாளிக்கும் சேமலாப நிதி ஒருமுறை வரும் பணம், அது வீட்டுக் கூரைக்கும் பிள்ளையின் கல்யாணத்துக்கும் போனபிறகு நோய்க்கென்று எதுவும் மிஞ்சுவதில்லை.

இப்போது நான் கம்பை ஊன்றி வீட்டு வாசல்வரை நடக்கிறேன். படிக்கட்டில் நான்கு படிகள் மகளின் தோளைப் பிடித்து இறங்குகிறேன். மிகுதிப் படிகள் பங்குனிக்குள் என்று அவள் சொல்கிறாள். காப்புகள் இன்னும் வங்கியில் இருக்கின்றன. இதர செலவுகள் 23,200 ரூபாவுக்கான விபரம் கேட்டு நிலையத்துக்குப் பதிவுத்தபாலில் இரண்டு கடிதங்கள் அனுப்பியுள்ளோம். இக்கடிதம் எழுதும் நாள்வரை பதில் வரவில்லை. வந்தால் அதன் பிரதியையும் தங்களுக்கு அனுப்பிவைப்பேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தோட்டக் கிளாக்கர்,
நோர்வூட்.